பெருங்களத்தூரில் மாறிய பின் ஆக்சில் – ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முதல் கஸல் வரை

அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். எழுபதுகள் வரை இந்தியச் சாலையில் கார் என்றால் இந்த மூன்று பெயர்கள்தான். முதல் இரண்டையும் பற்றி எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது கார் நம்ம ஊர்த் தயாரிப்பு. தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் உருவானது. இந்தக் கட்டுரை அந்தக் காரின் ஒரே ஒரு பாகத்தைப் பற்றியது. அதுதான் பின் ஆக்சில். அதில் என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது!

முதலில் கொஞ்சம் பின்னணி

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து நடத்திய நிறுவனம் இது. தொடக்கத்தில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென் போன்ற கார்கள் இங்கே தயாராயின. 1950-களின் முதல் பாதியில் மத்திய அரசு, வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டினால் போதாது, படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும் என்று கறாராகச் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. களத்தில் நின்ற சில நிறுவனங்களில் சென்னையின் ஸ்டாண்டர்டும் ஒன்று.

1961-ல் ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளியான ட்ரையம்ஃப் ஹெரால்ட்தான் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. பானெட்டோடு முன்பக்கம் முழுவதும் மேலே தூக்கித் திறக்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பார்க்கவும் அழகு. இங்கிலாந்தில் பின்னாளில் பெரிய எஞ்சின்கள் பொருத்தினார்கள். இங்கே மட்டும் கடைசி வரை அதே 948 சி.சி. எஞ்சின்தான்.

சிக்கல் எங்கே?

பின் சக்கரத்தில்! அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே கனமான, வளையாத ஆக்சில் இணைத்தது. இதை லைவ் ஆக்சில் என்பார்கள். ஹெரால்டில் இருந்தது ஸ்விங் ஆக்சில். நடுவில் டிஃபரன்ஷியல் சேஸியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள், பறவையின் சிறகு போல மேலும் கீழும் ஆடும். டிஃபரன்ஷியலின் மேலே குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங்.

இதில் நன்மை உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாதிக்கப்படாது. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையும் குறைவு. அதனால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் நம் சாலைக்கு ஏற்றது போலத்தான் தெரியும்.

ஆனால் சிறகு ஆடும்போது சக்கரமும் சேர்ந்து சாயும். இதுதான் வினை. வண்டியில் ஆள் குறைவாக இருந்து வேகமாக வளைவில் திரும்பினால், பின்பக்கம் மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். டயரின் ஓரம் மட்டும் தரையில் படும், பிடிப்பு திடீரென்று போய்விடும். நேர்மாறாக, குடும்பம் முழுவதும் ஏறி டிக்கியில் மூட்டையும் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும். சக்கரங்களின் அடிப்பாகம் வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே போகும்.

நம் ஊரில் எது அதிகம் நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? நாலு பேர் காரில் ஆறு பேர் போவதுதானே வழக்கம்! போதாக்குறைக்கு ஹெரால்டின் பின் ஹப்பைக் கழற்றத் தனிப் புல்லர் வேண்டும். சாலையோர மெக்கானிக்கிடம் அது எங்கே இருக்கும்? அம்பாசிடர் ஆக்சிலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் ஹெரால்டைக் கண்டால் தயங்கினார்கள்.

இது ஹெரால்டின் தனிக் குற்றமல்ல. அமெரிக்காவில் செவர்லே கார்வேர் காரின் ஸ்விங் ஆக்சிலைத்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியிட்ட புத்தகத்தில் கடுமையாகச் சாடினார்.

இரண்டு ஊர், ஒரே முடிவு

ஹெரால்டில் நாலு கதவு மாடல், கம்பானியன் என்ற எஸ்டேட் கார் என்று இந்தியாவுக்காகவே சில மாற்றங்களை ஸ்டாண்டர்ட் செய்தது. அடுத்த கட்டமாக 1970-களின் தொடக்கத்தில் வந்தது கஸல். அடிப்படை ஹெரால்ட்தான், அதே 948 சி.சி. எஞ்சின்தான். ஆனால் ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிவிட்டு லைவ் ஆக்சில் வைத்தார்கள்.

நவீனத்தை விட்டுப் பழசுக்குத் திரும்பிவிட்டார்களே என்று தோன்றும். அப்படியல்ல. லைவ் ஆக்சில் கனமானது, பள்ளத்தில் குதிக்கும், எல்லாம் உண்மை. ஆனால் ஒருவர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் சக்கரம் தரையில் நேராக நிற்கும், டயர் சீராகத் தேயும். பழுதானால் எந்த ஊரிலும் பிரிக்க ஆள் உண்டு. இந்தச் சாலைக்கும் இந்தச் சுமைக்கும் அதுதான் சரியான பிடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், ட்ரையம்ஃப் நிறுவனமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. அங்கே ஹெரால்டின் இடத்தைப் பிடிக்க 1970-ல் வந்த டொலிடோ காரிலும் லைவ் ஆக்சில்தான்! ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் ஸ்விங் ஆக்சிலை வைத்துக்கொண்டு, ஸ்பிரிங் அமைப்பை மாற்றிக் குறையைச் சரிக்கட்டினார்கள்.

பிறகு?

கஸல் குறைந்த எண்ணிக்கையில்தான் தயாரானது. 1977-ல் அதுவும் நின்றது. 1985-ல் ரோவர் காரின் உடம்பில் பழைய வேன்கார்ட் வழி வந்த எஞ்சினைப் பொருத்தி, நம் சாலைக்காக உயரத்தைக் கூட்டி, ஸ்டாண்டர்ட் 2000 என்று விட்டார்கள். பெரிய உடம்புக்குச் சிறிய மூச்சு! அதற்குள் மாருதி 800 ஊரை வளைத்துவிட்டது. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

அதே ஜி.எஸ்.டி. சாலையில், இன்னும் தெற்கே மறைமலை நகரில், தொண்ணூறுகளில் ஃபோர்டு திரும்பி வந்தது. 2022-ல் அதுவும் கார் தயாரிப்பை நிறுத்தியது.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக் கதையில் கஸலுக்கு இடம் கிடைப்பதில்லை, தோற்றுப்போன கார் என்பதால். ஆனால் வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே நகலெடுக்காமல், இந்தச் சாலையில் யார் ஏறுகிறார்கள், எவ்வளவு சுமை, யார் பழுது பார்ப்பார்கள் என்று யோசித்து ஒரு காரின் அடிப்பாகத்தையே மாற்றியது அந்தத் தொழிற்சாலை. உள்ளூர்ப் பொறியியல் என்பது அதுதான்.