இஞ்சினின் காய்ச்சலும் பொய் சொல்லும் சென்சாரும்

மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கார் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தால் கைதான் வேகும். அதனால் இஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை இன்னொரு கருவி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கருவியே பொய் சொன்னால்? அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் கற்றுக்கொண்ட கதை ஏறக்குறைய நூறு வருடக் கதை.

மூடியின் மேல் ஒரு தெர்மாமீட்டர்

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் சூட்டைக் காட்டும் மீட்டர் எதுவும் கிடையாது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பினால்தான் ஓட்டுபவருக்கு விஷயமே தெரியும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

1910-களில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற கருவி பிரபலமானது. இது ரேடியேட்டர் மூடியின் மேல் பொருத்தப்படும் ஒரு தெர்மாமீட்டர். உள்ளே சிவப்பு நிறத் திரவம் ஏறுவதை ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. அது தண்ணீரின் சூட்டை நேரடியாக அளக்கவில்லை. தண்ணீருக்கு மேலே இருக்கும் ஆவியின் சூட்டைத்தான் அளந்தது. தண்ணீர் குறைந்துபோனால் அது காட்டுவதை அப்படியே நம்ப முடியாது.

1930-களுக்குள் மீட்டர்கள் டாஷ்போர்டுக்கு இடம் மாறின. அதுவரைக்கும் ஒரு நிம்மதி இருந்தது. மீட்டர் தவறாகக் காட்டினாலும் ஏமாறுவது ஓட்டுபவர் மட்டுமே, இஞ்சின் தன் போக்கில் ஓடும்.

சென்சார் கையில் பெட்ரோல்

குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், சூடானதும் குறைக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சோக்கை இழுத்து ஓட்டுபவரே இதைச் செய்தார். 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் எரிபொருள் முறையை அமெரிக்காவுக்கான ஃபோக்ஸ்வாகன் 1600 கார்களில் கொண்டுவந்தபோது, அந்த முடிவு ஒரு மின்னணுப் பெட்டியின் கைக்குப் போனது. அந்தப் பெட்டி சூட்டை ஒரு சென்சார் மூலமாகத்தான் அறிந்தது. அந்த ஃபோக்ஸ்வாகன் காற்றால் குளிரும் இஞ்சின் என்பதால் சென்சார் சிலிண்டர் ஹெட்டில் இருந்தது. தண்ணீரால் குளிரும் இஞ்சின்களில் அது கூலன்ட்டில் நனைந்தபடி இருக்கும்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருள். சில்வர் சல்ஃபைடுக்கு இந்தக் குணம் உண்டு என்று மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்திருந்தார். பயன்படுத்தத் தகுந்த தெர்மிஸ்டரை 1930-ல் உருவாக்கியவர் சாமுவேல் ரூபன். கார்களில் பரவலாக உள்ள வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் சுமார் 300 ஓமாக இறங்கிவிடும்.

இந்தச் சின்னஞ்சிறு பொருள் கெட்டால் இஞ்சினே ஏமாந்து போகும். சூடான இஞ்சினைக் "குளிர்ச்சி" என்று சொன்னால் பெட்ரோல் தேவைக்கு மேல் கொட்டும். கரும்புகை வரும், ப்ளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், நாளடைவில் விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பாழாகும். குளிர்ந்த இஞ்சினைச் "சூடு" என்று சொன்னால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அறிகுறியை மட்டும் பார்த்தால் ப்ளக், இன்ஜெக்டர், பம்ப் என்று எதை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம். டாஷ்போர்டு முள் சரியாக இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. பல கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார்!

அந்தக் காலத்தில் இதற்கு ஒரே மருந்து சமையலறை வைத்தியம்தான். சென்சாரைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரை வைத்து, தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே மல்டிமீட்டரில் தடையைப் பார்ப்பார்கள். அட்டவணையோடு ஒத்துப்போகாவிட்டால் சென்சார் குற்றவாளி.

கார் தானே பேச ஆரம்பித்தது

1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஒரு இணைப்பியின் இரண்டு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தால் எச்சரிக்கை விளக்கு மின்னி எண் சொல்லும். ஒரு முறை மின்னி, பிறகு நான்கு முறை மின்னினால் 14: சென்சார் மிக அதிகச் சூடு காட்டுகிறது. 15 என்றால் மிகக் குளிர்ச்சி காட்டுகிறது. 1988 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியா இத்தகைய சுயபரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 1996-ல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 வந்து, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண்களைத் தந்தது. இந்தியாவில் ஓபிடி 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு வந்தது.

பி0117 என்றால் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு, பி0118 என்றால் அதிகம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எண் சொல்வது சர்க்யூட்டைப் பற்றி. சென்சாரா, வயரா, கனெக்டரா என்று அது சொல்வதில்லை. அதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஸ்கேனரைப் பார்த்தபடி கனெக்டரைக் கழற்றினால் பல கார்களில் அளவு மைனஸ் 40 டிகிரிக்குப் போகும். கனெக்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் மேல் எல்லைக்கு ஏறும். இரண்டும் நடந்தால் வயரும் கம்ப்யூட்டரும் நலம், சந்தேகம் சென்சார் மேல்தான். நடக்காவிட்டால் புது சென்சார் வாங்குவது வீண் செலவு.

இதைவிடக் கடினமானது நம்பும்படியான பொய். 85 டிகிரியில் இருக்கும் இஞ்சினை 50 என்று சொன்னால் சர்க்யூட்டில் கோளாறே தெரியாது. இதற்காகத்தான் அளவு பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் பி0116 போன்ற சோதனைகள் வந்தன. மெக்கானிக்கும் இதைச் செய்யலாம். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் கூலன்ட் சென்சாரும் காற்றுச் சென்சாரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

இவ்வளவு வளர்ந்த பிறகும் முதல் வேலை கூலன்ட் அளவைப் பார்ப்பதுதான். கூலன்ட் குறைந்து சென்சாரின் முனை காற்றில் நின்றால், நல்ல சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும். அன்று மோட்டோமீட்டருக்கு இருந்த அதே குறை!