நூறு டாலர் எண்

1976இல் ஸ்டான்ஃபோர்டில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு விசித்திர யோசனையை வெளியிட்டார்கள். பூட்டும் சாவி ஊருக்கே தெரியட்டும். திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அபாரமான யோசனைதான். ஆனால் அப்படியொரு பூட்டை எதைக் கொண்டு செய்வது?

எம்.ஐ.டி.யில் ரொனால்ட் ரிவெஸ்ட், ஆதி ஷமீர், லியோனார்ட் ஏடில்மேன் மூவரும் இதில் இறங்கினார்கள். முதல் இருவரும் பூட்டுச் செய்வார்கள், ஏடில்மேன் உடைப்பார். மாதக்கணக்கில் இதே கதை. 1977 ஏப்ரலில், யூதர்களின் பாஸ்கா இரவு விருந்தில் தாராளமாக ஒயின் அருந்திவிட்டு வீடு திரும்பிய ரிவெஸ்டுக்குத் தூக்கம் வரவில்லை. கணிதப் புத்தகத்தோடு சோபாவில் சாய்ந்தார். விடிவதற்குள் கட்டுரையே தயார்! தன் பெயரை எடுத்துவிடச் சொன்ன ஏடில்மேன், கெஞ்சியபின் கடைசிப் பெயராக இருக்கச் சம்மதித்தார். இந்தப் பூட்டை அவராலும் உடைக்க முடியவில்லை.

சூட்சுமம் எளிது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. விடையை மட்டும் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினோம் என்று கேட்டால்தான் சிக்கல். 3,233 என்றால் பென்சிலும் பொறுமையும் போதும். 53, 61 என்று பிடித்துவிடலாம். இலக்கங்கள் ஏற ஏற வேலை மலையாகிவிடும். அந்த ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர், சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் தன் பத்தியில், 129 இலக்க எண் ஒன்றையும் அதைக் கொண்டு பூட்டிய ஒரு செய்தியையும் அச்சிட்டார். திறப்பவருக்கு 100 டாலர். இத்தகைய எண்ணைப் பிரிக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்பது ரிவெஸ்டின் கணக்கு.

ஆனது 17 ஆண்டுகள்தான். 1981இல் கார்ல் பொமரன்ஸ் கண்டுபிடித்த 'இருபடிச் சல்லடை' முறையை வைத்து, சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாக வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுமார் 1,600 இயந்திரங்கள் உழைத்தன. அவற்றில் இரண்டு ஃபேக்ஸ் இயந்திரங்கள்! 1994 ஏப்ரலில் எண் இரண்டாகப் பிளந்தது: ஒன்று 64 இலக்கம், மற்றது 65. உள்ளே இருந்த மகா ரகசியம்? 'மாயச் சொற்கள்: அருவருப்புப்படும் எலும்புண்ணிக் கழுகு.' இந்தக் கூத்துக்கா இத்தனை உழைப்பு என்று சிரித்தவர்களுக்கு, மூன்றாண்டு கழித்து வேறொரு வியப்பு காத்திருந்தது.

பிரிட்டிஷ் உளவு அமைப்பு ஒன்றில் கிளிஃபோர்ட் காக்ஸ் என்ற இளைஞர் இதே பூட்டை 1973இலேயே கண்டுபிடித்திருந்தார். அரசு ரகசியம் என்பதால், 1997 வரை அவர் வாய் திறக்கவில்லை. பெயரும் புகழும் மற்ற மூவருக்கே போய்ச் சேர்ந்தன. அவர்களின் பெயர் முதலெழுத்துகள்தான் ஆர்.எஸ்.ஏ.

வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது, அது போலியல்ல என்று உறுதிசெய்யும் சான்றிதழ்களில் பலவும் இன்று நம்பியிருப்பது இந்த ஆர்.எஸ்.ஏ. பூட்டைத்தான். அவற்றில் வழக்கமாக இருக்கும் எண்ணுக்கு 617 இலக்கங்கள். உடைத்ததாக இதுவரை பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. சவால் எண்களில் மிகப்பெரியது, 2020இல் பிளந்த 250 இலக்க எண்.