குற்றால அருவிக் காவல்

குற்றால அருவிக் காவல் என்பது தென்காசி மாவட்டத்தின் குற்றாலத்தில், அருவிகளில் குளிக்க வருவோரை வரிசையில் உள்ளே விடுதல், நெடுநேரம் நிற்போரை வெளியேற்றுதல், வெள்ளம் பெருகும்போது தடுத்து நிறுத்துதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். காவல்துறையினரும் ஊர்க்காவல் படையினரும் இதில் ஈடுபடுகின்றனர். பெருநகர இரவு விடுதிகளின் வாயிலில் நிற்கும் 'பவுன்சர்' பற்றி எழும் கேள்வியே இங்கும் எழுகிறது: உள்ளே விடவும் வெளியேற்றவும் நிற்பவர் எந்த அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம்?

பணியின் தன்மை

சூன் முதல் ஆகத்து வரையிலான சாரல் காலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களில் கூட்டம் மிகுந்து காணப்படும். பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. இடையில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் நிரம்பி வழிகிறது. குளிக்குமிடம் குறுகிய, வழுக்கும் பாறை. விழும் நீரின் இரைச்சலில் வாய்ச்சொல் கேட்பதில்லை. ஆகவே விசில் ஒலியும் கையசைவுமே இங்கு மொழி. அதற்கும் நகராதவரைத் தோளைப் பிடித்து இழுப்பதும் லத்தியை ஓங்குவதும் உண்டு. பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டும்போது குளிக்கத் தடை விதிக்கப்படும். கற்களும் மரக்கிளைகளும் நீரோடு விழக்கூடும் என்பதே காரணம்.

சட்டநிலை

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தையோ பொது அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோரின் கூட்டத்தையோ முதலில் கலைந்துசெல்ல ஆணையிட்டு, கலையாவிடில் பலத்தால் கலைக்க இடமளிக்கிறது. அருவியடியில் சற்றுக் கூடுதலாக நிற்கும் ஒருவரை இதில் அடக்குவது கடினம். 172 ஆம் பிரிவு, தடுப்பு நடவடிக்கையின்போது காவலர் தரும் சட்டப்படியான அறிவுறுத்தலுக்கு இணங்காதவரைப் பிடித்துவைக்கவோ அகற்றவோ அனுமதிக்கிறது. அடிப்பதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

தனியார் காவலருக்கு இந்த அதிகாரங்களும் இல்லை. 2005 ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் முகமைக்கு உரிமத்தையும் காவலருக்குப் பயிற்சியையும் கட்டாயமாக்கியதேயன்றி, காவல்துறையின் அதிகாரத்தை வழங்கவில்லை. பலப்பிரயோகத்தைப் பொறுத்தவரை பிற குடிமக்களைப் போலத் தற்காப்புரிமையே அவருக்கு உண்டு. அதுவும் தேவைக்கு மிஞ்சக் கூடாது. பிரித்தானியாவில் 2001 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாயிற்காவலர் ஒவ்வொருவரும் தனித்தனியே உரிமம் பெறவேண்டும்.

மக்கள் பார்வை

குழந்தைகளுடன் வருவோர் காவலரின் கண்டிப்பைப் பாதுகாப்பாகக் காண்பதும், நண்பர் குழுவாக வரும் இளைஞர் அதையே கெடுபிடியாகக் காண்பதும் இயல்பு. நெடுந்தொலைவு பயணித்து, வரிசையில் காத்திருந்து, சில நிமிடங்களில் வெளியேற்றப்படுபவரின் சினத்தையும் புரிந்துகொள்ள முடியும்.

2024 மே 17 அன்று, சாரல் காலம் தொடங்கும் முன்பே, மலைப்பகுதியில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அப்போது எழுந்த குறை காவலரின் கெடுபிடி பற்றியதன்று. முன்னெச்சரிக்கை போதவில்லை என்பதே. அதையடுத்து அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய தடை நீளும்போது, சாரல் கால வருவாயை நம்பியிருக்கும் கடைக்காரர்களும் விடுதி நடத்துவோரும் அருவியைத் திறக்குமாறு கோருவது வழக்கம்.