ஈ.பி.எப். கணக்கில் காணாமல் போகும் வருடங்கள்

சென்ற ரமழானுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், அஸருக்குப் பிறகு, எங்கள் ஊர் நானா ஒருவர் பொலித்தீன் பையொன்றுடன் வீட்டுக்கு வந்தார். 55 வயது முடிந்துவிட்டது, ஈ.பி.எப். காசை எடுக்க வேண்டும், படிவத்தை நிரப்பித் தாருங்கள் என்றார். புறக்கோட்டையில் மூன்று புடைவைக் கடைகளில் மொத்தம் 19 வருடங்கள் நின்றவர். 2010இல் ஊருக்கு வந்து சிறிய கடையொன்று போட்டுக்கொண்டார். ஈ.பி.எப். காசை நம்பி இளைய மகளின் கல்யாணத்துக்கு நாளும் பேசி வைத்திருந்தார். கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால் 7 வருடத்துப் பங்களிப்பு மாத்திரமே அதில் இருந்தது. 12 வருடங்களைக் காணவில்லை.

தனியார் கம்பனிகளில் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் இப்படியான பொலித்தீன் பைகள் என்னிடம் வருவது புதிதல்ல. ஆனால் எல்லாப் பைகளும் ஒரே வயதில்தான் வருகின்றன. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. பிழையைத் திருத்துவதற்கு ஆகக் கஷ்டமான நேரம் அதுதான். கடை மூடியிருக்கும், கணக்கப்பிள்ளை மௌத்தாகியிருப்பார், சம்பளச் சிட்டைகள் வெள்ளத்தோடு போயிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையை ஓய்வு பெறப்போகிறவர்களைவிட, இன்று முப்பதுகளில் இருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் வாசிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தொழில்தருநர் தன் கையிலிருந்து 12 வீதம் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்த 20 வீதம் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். இதற்குப் புறம்பாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈ.டி.எப். எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். அது முழுவதும் தொழில்தருநரின் பொறுப்பு, ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்க முடியாது. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டு வேலை என்ற பேதம் இல்லை, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் கொமிஷனும் கணக்கில் சேரும், ஓவர் டைம் மட்டும் சேராது.

மாதம் 15,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி.எப். மாதம் 3,000 ரூபா. ஐந்து வருடம் விடுபட்டால் 180,000 ரூபா. ஈ.டி.எப். 27,000 ரூபா வேறு. இது முதல் மாத்திரமே. அந்த நிதி 2022ஆம் ஆண்டுக்கு 9 வீதமும் 2023ஆம் ஆண்டுக்கு 13 வீதமும் வட்டி கொடுத்திருக்கிறது. உங்கள் பெயரில் பணம் ஏறாத வருடங்களுக்கு அந்த வட்டியும் உங்கள் பெயரில் ஏறாது. இருபது வருடத்துக்கு முன்னர் விடுபட்ட சின்னத் தொகை இன்று எவ்வளவாக வளர்ந்திருக்கும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அலைச்சல் எங்கே தொடங்குகிறது என்றால், இதில் சம்பந்தப்பட்ட இடங்கள் இரண்டு. பணத்தையும் கணக்கையும் வைத்திருப்பது இலங்கை மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களம். பணம் கட்டாதவரைப் பிடிப்பதும், விண்ணப்பங்களைப் பார்ப்பதும் தொழில் திணைக்களம். இது தெரியாமல் மக்கள் இங்கும் அங்குமாக ஓடிக் களைத்துப்போகிறார்கள். எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்மானிக்க ஒரு கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும். முதலாளி பணத்தைக் கட்டி அது உங்கள் பெயரில் ஏறாமல் போனதா, அல்லது முதலாளி கட்டவே இல்லையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கட்டியும் ஏறாமல் போவதற்கு, எங்கள் சமூகத்தைப் பொறுத்தவரை, நான் கண்ட முதல் காரணம் பெயர். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். முதல் எம்முக்குப் பிறகு ஓவா, யூவா? நடுவில் எம் ஒன்றா, இரண்டா? கடைசி எழுத்துக்கு முன் ஏயா, ஈயா? பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடைக் கணக்கப்பிள்ளை எழுதியது மூன்றாவது. கிழக்கில் மீராலெப்பை என்பதை ஒரு சொல்லாக எழுதுவார்கள், இன்னொருவர் இரண்டாகப் பிரித்து முதல் பாதியை இனிஷியலாக்கிவிடுவார். வாப்பாவின் பெயரை முன்னால் போடும் நம் வழக்கம் புரியாமல், வாப்பாவின் பெயரிலேயே பிள்ளையைப் பதிந்த படிவங்களையும் பார்த்திருக்கிறேன். பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். சித்தி பாத்திமா என்பது ஓரிடத்தில் எஸ்.பாத்திமா, கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரோடு இன்னொரு ஆள்.

எங்கள் நானாவின் முதல் கடையில் நடந்தது இன்னும் வேடிக்கை. கடையில் எல்லோரும் அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயரிலேயே முதலாளி அவரைப் பதிந்திருக்கிறார். அடையாள அட்டை இலக்கத்துக்குரிய இடம் வெறுமை. ஐந்து வருடம் ஒழுங்காகக் காசு கட்டியிருக்கிறார் அந்த மனிதர். ஆனால் யாருக்குக் கட்டினார் என்பது அவருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும்.

அடுத்தது அங்கத்துவ இலக்கம். ஒவ்வொரு தொழில்தருநரிடமும் ஊழியருக்குப் புதிய இலக்கம் கிடைக்கிறது. தொழில்தருநரின் பதிவிலக்கமும், அதற்குள் உங்களுடைய இலக்கமும் சேர்ந்ததே உங்கள் கணக்கு. மூன்று இடத்தில் வேலை செய்தவருக்கு மூன்று கணக்குகள். அவற்றை ஒரே ஆளுடையது என்று கட்டிப்போடும் கயிறு தேசிய அடையாள அட்டை இலக்கம்தான். அதிலும் 2016இலிருந்து 12 இலக்க அட்டை வந்துவிட்டது. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களுக்கு முன்னால் 19 சேரும், முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு சைபர் புகும், கடைசியில் உள்ள வீ அல்லது எக்ஸ் போய்விடும். அட்டையை மாற்றியவர்கள் விண்ணப்பத்தில் இரண்டு இலக்கங்களையும் எழுதுவது நல்லது. பழைய அட்டையின் பிரதியொன்றை எறியாமல் வைத்திருங்கள்.

திருத்துவதற்கு ஆக இலகுவான வழி அந்த நிறுவனம் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பது. இன்னார், இன்ன அங்கத்துவ இலக்கத்தில், இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை வேலை செய்தவர், பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் ஒப்பமும் முத்திரையும் வைத்து வாங்க வேண்டும். அதோடு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் தொழில் அலுவலகம்தான் வழி, ஆதாரம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். சத்தியக்கடதாசியில் உங்கள் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் எழுத்துப் பிசகாமல் குறிப்பிடுங்கள். ஒன்றை விட்டால் அந்த ஒன்றுக்காக மறுபடியும் ஒரு நாள் போகும்.

முதல் கடையின் முதலாளி, அல்ஹம்துலில்லாஹ், இன்னும் உயிரோடு இருக்கிறார். பழைய சீ படிவப் பிரதிகளைக் கட்டிக் கட்டி மேல்மாடியில் வைத்திருந்தார். மாதாந்தம் யாருக்கு எவ்வளவு கட்டினோம் என்று தொழில்தருநர் அனுப்பும் பட்டியல்தான் சீ படிவம். அதில் நானாவின் செல்லப்பெயர் இருந்தது. நானாவின் பீ அட்டையில் இருந்த அங்கத்துவ இலக்கமும் அதோடு பொருந்தியது. அந்த ஐந்து வருடமும் கிடைத்துவிட்டது.

இரண்டாவது வகை, கட்டாமலே விட்டது. மூன்றாவது கடையில் 7 வருடம். இங்கேதான் மனம் கசக்கிறது. அந்த முதலாளி கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ரமழானில் கடைப் பொடியன்மாருக்கு ஒரு கவர், பெருநாளுக்கு உடுப்பு, யாருக்காவது சுகமில்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவு. “நான் எவ்வளவு செய்திருக்கிறேன், இப்போது ஈ.பி.எப். கேட்கிறானே” என்று அவர் ஆத்திரப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ஸகாத்தும் ஸதகாவும் அவர் கொடுத்தது. 12 வீதம் ஊழியருக்குச் சேர வேண்டியது. ஒன்றை மற்றதோடு கழிக்க எந்தக் கணக்கும் இடம் தராது. ஊழியரின் 8 வீதத்தைச் சம்பளத்தில் கழித்துவிட்டுக் கட்டாமல் விடுபவரின் நிலை இதைவிட மோசம். அது அமானத்தில் கை வைப்பது. இதைச் சொல்ல எங்கள் குத்பாக்களில் நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

சில கடைகளில் வேலைக்குச் சேரும்போதே “எனக்கு ஈ.பி.எப். தேவையில்லை, சம்பளத்தைக் கையில் கூட்டித் தந்தால் போதும்” என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஊழியர் விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமை அது. முதலாளிமார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும்போது கழிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பிறகு ஊழியரிடமிருந்து அறவிட முடியாது. முழு 20 வீதமும் முதலாளியின் தலையிலேயே விழும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மிகைக்கட்டணம். கட்ட மறுத்தால் நீதவான் நீதிமன்றத்தினூடாகத் தண்டப்பணம் போல அறவிடப்படும்.

இப்படியான முறைப்பாட்டுக்கு மாவட்டத் தொழில் அலுவலகமே இடம். வேலை செய்தேன் என்று காட்ட என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, வரவுப் பதிவு, சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம், கடையின் அடையாள அட்டை, கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம், எதுவும் உதவும். கடை, கந்தோர் ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி நியமன விவரங்களை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை, கொடுக்காதது ஊழியரின் குற்றமல்ல. பலர் மறக்கும் ஆதாரம் ஒன்று உண்டு. ஈ.டி.எப். கணக்குக் கூற்று. அது வேறு நிறுவனத்தின் தனிப் பதிவு. மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த தங்கையொருவருக்கு 14 மாத ஈ.பி.எப். கட்டப்படவில்லை. அவற்றில் 8 மாதங்களுக்கு ஈ.டி.எப். மட்டும் போயிருந்தது. அவர் அங்கே வேலை செய்யவில்லை என்று பிறகு எப்படிச் சொல்வது? மீதி 6 மாதத்துச் சிட்டைகளை அவருடைய உம்மா பிஸ்கட் டின் ஒன்றுக்குள் போட்டு வைத்திருந்தார்.

கல்யாணத்தைக் காரணமாகக் காட்டி வேலையை விட்டுப் பணத்தை எடுத்த பெண்கள், பிறகு மறுபடி வேலைக்குப் போயிருந்தால் அந்தப் புதிய கணக்கை மறந்துவிடுகிறார்கள். தேடிப் பாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே மௌத்தானவரின் குடும்பத்துக்கு அங்கத்துவ இலக்கமே தெரியாமல் இருப்பதும் சாதாரணம். பின்னுரித்தாளரின் பெயரிலும் எழுத்துப் பிழை இருந்தால், இத்தாவிலிருக்கும் மனைவிக்குப் பதிலாக மகன் பைலைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதுதான்.

கணக்கைப் பார்ப்பதற்கு 55 வரை காத்திருக்கத் தேவையில்லை. கொழும்பில் மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்தில் அடையாள அட்டையோடு விசாரிக்கலாம். திருகோணமலை, அநுராதபுரம், மாத்தளை, மாத்தறை போன்ற இடங்களிலும் மத்திய வங்கிக்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. கூற்றில் மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். மாதங்களை விரலால் எண்ணுங்கள், சிட்டையில் கழித்த தொகையோடு ஒப்பிடுங்கள். வேலை மாறும்போது சேவைச் சான்றிதழோடு அங்கத்துவ இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். முதலாளியோடு முகம் முறியும் முன்னர் வாங்குவது உத்தமம்.

நானாவின் மூன்றாவது கடை விவகாரம் இன்னும் முடியவில்லை. அவர் நாட்கூலிக்கு நின்றவர் என்று முதலாளி தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். நாட்கூலிக்கும் கட்ட வேண்டும் என்று உத்தியோகத்தர் அங்கேயே சொன்னார். எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்பதுதான் இப்போதைய வழக்கு. அடுத்த விசாரணைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அதே காலத்தில் அந்தக் கடையில் நின்ற இருவரை, ஒருவர் அக்குறணை, மற்றவர் பேருவளை, சாட்சிக்கு வரச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். கல்யாணத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு தள்ளிவைத்தாயிற்று.