கொலியூர்த் துறை

பிரான்சு நாட்டின் தென்கோடியில், பிரனீசு மலைத்தொடர் மத்தியதரைக் கடலில் வந்து இறங்குமிடத்தில் அமைந்த சிற்றூர் கொலியூர். அங்குச் செல்லும் நம் கண்ணில் முதலில் படுவது, நீர்விளிம்பில் நிற்கும் மாதாகோயிலின் மணிக்கூண்டு. முற்காலத்தில் அதுவே கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. நெத்திலி பிடித்து உப்பிலிடுதல் ஊராரின் பழந்தொழில்.

1659ஆம் ஆண்டுப் பிரனீசு உடன்படிக்கையால் இப்பகுதி ஸ்பெயினிடமிருந்து பிரான்சின் வசமாயிற்று. கொடி மாறியபோதும், வீட்டில் வழங்கிய கத்தலான் மொழி நெடுங்காலம் மாறவில்லை. 1905 கோடையில் மத்தீஸ், தெரேன் என்னும் ஓவியர்கள் இங்குத் தங்கி, படகுகளையும் கூரைகளையும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் தீட்டினர். ஃபோவிசம் என்னும் ஓவியநெறி அதனால் புகழ்பெற்றது.

ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்துவது, இவ்வூர் இடுகாட்டிலுள்ள ஒரு கல்லறையே. ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோ உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றவர். பார்சலோனா வீழும் தறுவாயில் முதிய தாயுடன் புறப்பட்டு, எல்லை கடந்து, 1939 ஜனவரி இறுதியில் கொலியூரை அடைந்தார். பிப்ரவரி 22இல் உயிர்நீத்தார். மூன்று நாள் கழித்துத் தாயும் மறைந்தார். நாடிழந்த ஸ்பானியப் போர்வீரர்களே கவிஞரின் உடலைச் சுமந்து சென்றனர். 1958இல் தாயும் மகனும் ஒரே கல்லறையில் சேர்க்கப்பட்டனர். அங்குள்ள அஞ்சற்பெட்டியில் அன்பர்கள் இன்றும் அவருக்குக் கடிதம் இடுகின்றனர்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்தவர்கள் நாம். மச்சாதோ துரத்தப்பட்டு வந்தவர். ஆயினும் ஓர் ஊருக்கு உரியவராக ஒருவர் எத்தனை ஆண்டு அங்கு வாழவேண்டும் என்னும் வினா இருவருக்கும் பொது. நான்கு வாரமும் நிறையாத விருந்தினரைத் தன்னவராகக் கொண்டு, கொலியூர் அதற்கு விடை கூறியிருக்கிறது.