சுராங்கனி வந்த வழி



நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ‘சுராங்கனி’ பாட்டு ஒலிக்காமல் பந்தல் பிரித்த கல்யாணம் உண்டா? பெரியவர்கள் சிலர், “இதென்ன அர்த்தமில்லாத கூத்து!” என்று முகம் சுளிப்பார்கள். பிள்ளைகளோ, “இது பழைய சினிமாப் பாட்டுதானே, சார்?” என்பார்கள். இரண்டு பேச்சும் சரியல்ல.

அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்களத்தில் ‘மாளு’ என்றால் மீன். சுராங்கனி ஒரு பெண்ணின் பெயர். அவளுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாக ஒருவன் பாடுகிறான். அவ்வளவுதான் சங்கதி. இதிலே முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

இந்தப் பாட்டைத் தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் பரப்பியவர் ஏ. ஈ. மனோகரன் என்னும் இலங்கைத் தமிழர். ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று அவரைக் கொண்டாடினார்கள். சிங்களமும் தமிழும் கலந்து அவர் மேடையிலே பாடினால் கூட்டம் ஆடாமல் நிற்காது. ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் படங்களில் வில்லனாகவும் நடித்தவர், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

சினிமாவுக்கு இது போனது 1977-இல்தான். படம் ‘அவர் எனக்கே சொந்தம்’, இசை இளையராஜா. பாடியவர் யார் தெரியுமா? ரேணுகாவுடன் சேர்ந்து நம்ம மலேசியா வாசுதேவன்! 1944-இல் இந்த மண்ணிலே பிறந்து, சென்னைக்குப் போய்ப் பேரெடுத்தவர். இலங்கைப் பாட்டை, தமிழ்நாட்டுப் படத்திலே, மலேசியாக்காரர் பாடினார். கோவாவிலே இதைக் கொங்கணியிலும் பாடுகிறார்கள்.

கோவா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இந்தப் பாட்டின் துள்ளலுக்குப் ‘பைலா’ என்று பெயர். போர்த்துக்கீசிய மொழியில் ‘பைலார்’ என்றால் நடனமாடுதல். 1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியரும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரிகளும் விட்டுப்போன ஆட்டம் அது. அதை மேடைப் பாட்டாக்கிய வாலி பஸ்தியன் என்பவரைப் பைலாவின் தந்தை என்கிறார்கள். தாளம் மூன்று மூன்றாகத் துள்ளும். கும்மியடித்துப் பழகிய கை அதற்குத் தானாக வந்துவிடும்.

அதே போர்த்துக்கீசியர்தான் 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் பிடித்தார்கள். நம் தம்பினைத் தாண்டினால் மலாக்காதானே! அங்கே உஜோங் பாசிரில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் ‘ஜிங்க்லி நோனா’ என்று ஒரு பாட்டுப் பாடி ஆடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியரிடம் ‘சிங்கெல்லி நோனா’ என்று ஒரு பாட்டு உண்டு. இரண்டும் ஒரு கொடியில் காய்த்தவை. சுராங்கனி வேறு பாட்டு. ஆனால் அதே கடல்வழியிலே வந்த சொந்தக்காரி.

ஊர் ஊராக, மொழி மொழியாகப் போனாலும் இவையெல்லாம் பிழைத்துக்கொண்டன. ஏன்? ஒன்றை இசைத்தட்டிலே ஏற்றினார்கள். மற்றதை விடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் பாட்டிமார் பால்மரத்தடியிலும் லயத்து வாசலிலும் பாடினார்களே தாலாட்டும் தெம்மாங்கும், கங்காணியைக் கேலி செய்த பாட்டும், அவற்றை யார் இசைத்தட்டில் ஏற்றினார்கள்? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று வீடு கட்டினார்கள். லயம் கலைந்தபோது பாட்டுக்காரர்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். சினிமாப் பாட்டின் வேரைத் தேடும் நமக்கு, சொந்தப் பாட்டைத் தேடப் பொழுதில்லை என்றால் எப்படி?

மாணவர்களே, இந்த விடுமுறையில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ போய், “உங்க காலத்துப் பாட்டு ஒண்ணு பாடுங்க” என்று கேளுங்கள். மறந்துபோச்சு என்பார்கள், விடாதீர்கள். கைப்பேசியிலே பதிந்துகொள்ளுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், என்ன வேலை செய்யும்போது பாடியது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதிக் கொண்டுவாருங்கள்.