சீன எழுத்தும் நமது பிரசங்க பீடமும்

பூம்புகாரில் பல மொழி பேசிய வேற்று நாட்டார் ஒன்று கலந்து இனிது வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை கூறும். அவர்தம் மொழிகள் நம் முன்னோரின் செவியில் விழுந்தன. அவர்தம் எழுத்துகளைக் கற்றோர் எத்துணையர்? இவ்வினாவை எழுப்பும் சான்றொன்று, புகாருக்குத் தெற்கே அதே கடற்கரையிலுள்ள நாகப்பட்டினத்தில் இருந்தது.

வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி, 1349ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், சமவெளியில் மண்ணாலும் செங்கல்லாலும் எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதன்மீதிருந்த சீன எழுத்துகள், சியான்சுன் ஆண்டுக்கணக்கில் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்ததாக அறிவித்தன, அது கி.பி. 1267. ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என்றழைத்த நாகப்பட்டினத்துக் கட்டடமே அது என அறிஞர் பலர் கருதுவர். சிதைந்து நின்ற அக்கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டது. செங்கல் அழிந்தது, ஆயினும் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுதி வைத்தமையால் செய்தி பிழைத்தது.

தமிழில் 247 எழுத்துகளைக் கற்றவர் எதையும் வாய்விட்டு வாசித்துவிடலாம். சீனத்தில் அவ்வாறன்று. 1716இல் நிறைவுற்ற காங்சி அகராதி, 47,000க்கு மேற்பட்ட எழுத்துகளை 214 அடிப்படைக் குறிகளின்கீழ் வகுத்துள்ளது. ஞாயிறும் திங்களும் சேர்ந்து ‘ஒளி’ எனப் பொருள் தருவது போன்ற எழுத்துகள் சிலவே. மிகப் பலவற்றில் ஒரு பகுதி பொருளையும், மறு பகுதி ஒலியையும் சுட்டும். ‘தாய்’ என்னும் எழுத்தில் பெண்ணின் குறியோடு குதிரையின் குறியும் உண்டு. குதிரையைக் குறிக்கும் சொல்லின் ஒலி தாயைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்தது என்பதே காரணம். தாய்க்கும் குதிரைக்கும் வேறு உறவில்லை.

இதனைப் பொறுமையுடன் கற்றவர்களுள் ஒருவர் யோசுவா மார்ஷ்மன். தரங்கம்பாடியைப் போலவே அந்நாளில் டேனிய ஆட்சியிலிருந்த வங்காளத்துச் செராம்பூரில், மக்காவோவில் பிறந்த அர்மீனியரான யோவான்னஸ் லசாரிடம் அவர் மாணவராக அமர்ந்தார். 1814இல் சீன இலக்கண நூலொன்றை வெளியிட்டார். முழுத் திருமறையின் சீன மொழிபெயர்ப்பு 1822இல் அச்சேறியது. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளின் உழைப்பு அது.

இவ்வுழைப்பை எண்ணும்போது, பிரசங்க பீடங்களில் கேட்கப்படும் ஓர் உவமை நம்மை உறுத்துகிறது. சீனத்தில் ‘கப்பல்’ என்னும் எழுத்தில் படகும், எட்டு என்னும் எண்ணும், வாயும் உள்ளன. ஆகவே பேழையில் தப்பிய எட்டுப் பேரைச் சீனர் ஆதியிலேயே அறிந்திருந்தனர் என்பர் சிலர். கேட்க இனிது, ஆனால் அவ்வெழுத்தின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை. எட்டும் வாயுமாகத் தோன்றுவது ஒலியைச் சுட்டும் ஒரே பகுதி. அதே பகுதி ‘ஈயம்’ என்னும் எழுத்திலும் உண்டு. ஈயத்தில் நோவாவைத் தேடுவார் யாருமில்லை.

இது சீன எழுத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. எபிரேயச் சொல்லையும் கிரேக்கச் சொல்லையும் துண்டு துண்டாக்கி, நமக்கு வேண்டிய பொருளை அதனுள் வைத்து, பின் அதையே கண்டெடுத்ததாக மகிழும் சோதனை நம் எல்லோர்க்கும் உண்டு. பிறர் எழுத்தை அவர்கள் வழங்கும் முறையிலேயே அறிவது அவர்களுக்கு நாம் செய்யும் நீதி. மெய்யைச் சொல்ல வந்தவர்கள் பொய்யான சான்றை ஊன்றுகோலாகக் கொள்ளுதல் தகாது. அது முறியும் நாளில், கேட்டவரின் நம்பிக்கையும் தளரும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு தாமும் அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றார். போதிக்க வந்தவர் முதலில் கற்பவரானார். அம்மணற்பள்ளியிலிருந்து நாமும் தொடங்குவோமாக.